மஞ்சள் அட்டையின் நகல்

1

போன வாரம் மணி மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. மணி என் மனைவி சரோஜாவின் அண்ணன். கூடலூர் பக்கம் தேவாலாவில், அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறார். கடிதம் எழுதுவதென்றால் அவருக்குக் கசப்பு மருந்து குடிப்பது மாதிரி. அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“மச்சான், இங்க ரெண்டாவது பாக்டரியும் மூடியாச்சு. நம்ம பயலுக பதினோரு பேர சூடானுக்கு எடுக்கறோம்னு ஒரு ஏஜெண்டு வந்து நிக்கறான். என்னா கடுதாசி வேணும், என்னா ஊசி போடணும்னு ஒருத்தனுக்கும் வெளங்கல. நீங்க வெவரமா எழுதிப் போட்டா, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்துருவேன்.”

என்னைத் தெரியாத இளவட்டங்களும் அந்தப் பதினோரு பேரில் இருக்கலாம். நான் தேவாலா பக்கம் ஒரு சின்னத் தேயிலை பாக்டரியில் டீமேக்கராக இருந்தவன். இலை விலை விழுந்தபோது முதலாளி முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார், பிறகு இன்னொன்றை, பிறகு கேட்டில் பூட்டுத் தொங்கியது. தூளை மோந்து பார்ப்பதும் நாக்கில் உருட்டிப் பார்ப்பதும் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு கார்ட்டூமுக்கு வந்து எட்டு வருஷமாகிறது. இங்கே தேயிலை கலந்து பொட்டலம் போடும் ஒரு கம்பெனியில் வேலை.

மச்சான் கேட்டது ஒரு பட்டியல். பட்டியலாக மட்டும் எழுத என்னால் முடியவில்லை. ஏனென்று மச்சானுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் படித்துக்கொண்டே வந்தால் தெரியும். இன்றைக்கு சரோஜாவின் திதி, ஐந்தாவது வருஷம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

முதலில் உள்ளே வருவதற்கான கடுதாசிகள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். இங்கே வந்து இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனியின் அழைப்புக் கடிதம் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் முத்திரை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். சிலோனையும் கோழிக்கோட்டையும் தவிர நாம் எங்கும் போனதில்லை என்பதால் அந்தக் கவலை நமக்கு இல்லை.

வந்து இறங்கிய மூன்று நாளுக்குள் போலீஸ் அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜனாவது கொண்டு வாருங்கள். இங்கே எந்த மேஜைக்குப் போனாலும் இரண்டு கேட்பார்கள். பாலம், பட்டாளம், அரசாங்கக் கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். சாராயம் இந்த நாட்டில் கிடையாது, கொண்டுவரவும் கூடாது. இந்த வரியைப் படித்ததும் பதினோரு பேர் ஏழு பேராகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மச்சான், மீதி ஜெராக்ஸை வீணாக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதுதான் யாரும் சொல்லித் தராதது. இங்கே வேலை பார்க்கிறவன் நாட்டைவிட்டு வெளியே போகவும் விசா வேண்டும். கம்பெனி கடிதம் தர வேண்டும், அலுவலகத்தில் முத்திரை விழ வேண்டும், அதற்குப் பிறகுதான் விமானம். உள்ளே வரும் விசாவைப் பற்றி நம்மாட்கள் நூறு கேள்வி கேட்பார்கள். வெளியே போகும் விசாவைப் பற்றி நானும் வரும்போது ஒரு கேள்வி கேட்டதில்லை.

விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். புறப்படும் முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதுவது நான் பட்டது.

3

அடுத்தது ஊசி.

மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு நோய். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசுவால் வருவது. நம் நாட்டில் இல்லை, இந்தப் பக்கத்து நாடுகளில் உண்டு. இதற்கு ஒரே ஒரு ஊசி. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், குறிப்பிட்ட சில அரசு மையங்களில்தான். நான் சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டதும் மஞ்சள் நிறத்தில் ஒரு அட்டை தருவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்த அட்டை செல்லும். நன்றாகக் கவனியுங்கள், பத்து நாள்.

சென்னைக்கு சரோஜாவும் வந்தாள். ஊசி எனக்கு, பயம் அவளுக்கு. வரிசையில் எனக்கு முன்னால் நின்று நர்ஸிடம், “சின்ன ஊசியாப் பாத்து போடுங்கம்மா, இவரு மயக்கம் போட்டு விழுந்துருவாரு” என்றாள். நான் விழவில்லை. ஆனால் அந்த நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடியது உண்மை.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். அவள் சிலோனில் பிறந்து, ஆறு வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவள். அதற்குப் பிறகு கடலைப் பார்ப்பது அன்றைக்குத்தான். கையை நீட்டி, “இந்தத் தண்ணிக்கு அந்தாண்டதாங்க எங்க தோட்டம்” என்றாள். அவள் காட்டியது பர்மா பக்கம். நான் சிரித்தேன். “சிரிங்க, சிரிங்க. நாளைக்கு நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு நான் யாரக் கேட்டுக் கை காட்டுறது?” என்றாள். மகள் ரேவதிக்கு அப்போது ஆறு வயது. மணி மச்சானிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். திரும்பும் பஸ்ஸில் மஞ்சள் அட்டையை அவள்தான் கைப்பையில் வைத்திருந்தாள். ஊர் வரும்வரை நான்கு தடவை எடுத்துப் பார்த்தாள்.

4

இனி நம் ஆட்களைப் பற்றி ஒரு விஷயம். பதினோரு பேரும் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் சிலோனிலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், பள்ளிக்கூடச் சான்றிதழ், தோட்டத்தில் பேர் பதிந்த சீட்டு எல்லாம் இருக்கிறது. சாவி வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது. வெளியே எங்கே போவதானாலும் நகலைத்தான் எடுத்துப் போவீர்கள். ஒரிஜினல் பெட்டியைவிட்டு இறங்காது.

இது எங்கிருந்து வந்தது என்றும் உங்களுக்குத் தெரியும். சரோஜாவின் அப்பா கப்பலைவிட்டு இறங்கும்போது குடும்ப அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நல்ல மழை. சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்தபோது மை கரைந்து, பெயர் இருந்த இடம் நீலமாகக் கிடந்தது. கூட வந்தவர்களுக்கெல்லாம் தோட்டம் ஒதுக்கி லாரி ஏற்றினார்கள். இவர்கள் மட்டும் ‘நீங்கள் நீங்கள்தானா’ என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை மாதக்கணக்கில் முகாமிலேயே கிடந்தார்கள். சரோஜாவின் தம்பி ஒருவன் அந்த முகாமில்தான் வயிற்றுப்போக்கில் செத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரிஜினல் கடுதாசி பயணம் போவதில்லை. அதை மூடப்பழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டவர்களின் பழக்கம் அது.

இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு முதல் லீவுக்கு நான் ஊருக்கு வந்தேன். பம்பாயில் இறங்கியதும் சுகாதார மேஜையில் மஞ்சள் அட்டையைக் கேட்டார்கள். காட்டினேன், விட்டார்கள். வீடு வந்து சேர்ந்ததும் சரோஜா என் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். அதன் ஓரம் வியர்வையில் நைந்திருந்தது.

“என்னாங்க இது, இப்படி வெச்சிருக்கீங்க? இன்னொரு வருசம் உங்ககிட்ட இருந்தா ஒண்ணும் மிஞ்சாது.”

மறுநாள் கூடலூருக்கு பஸ் ஏறிப் போய் நகல் எடுத்துவந்தாள். கோயில் நோட்டீஸ் அடிக்கும் மஞ்சள் காகிதத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, அதில் எடுத்து, லேமினேட் செய்திருந்தாள். ஒரிஜினலைவிட நகல் பளபளவென்று அழகாக இருந்தது.

“இது உங்ககூட வரட்டும். அது பொட்டில இருக்கட்டும். அடுத்த லீவுக்கு வந்தா நானே எடுத்துக் காட்டுறேன்” என்றாள். கையில் அட்டை இல்லாதவன் பம்பாயைத் தாண்டி அந்தப் பெட்டிவரை எப்படி வந்து சேருவான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சூடானுக்குத் திரும்பும்போது யாரும் அந்த அட்டையைக் கேட்கவும் இல்லை. நானும் அதே லயத்தில் வளர்ந்தவன்தானே. அவள் செய்தது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

5

இங்கே வந்த பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி.

மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஊரைவிட்டுப் புறப்படும் முன்னாலேயே தொடங்குங்கள். கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கால்வாயைப் பார்த்ததும் தேவாலா ஓடை நினைவு வந்து காலை நனைக்கத் தோன்றும், இறங்காதீர்கள். நத்தையிலிருந்து வரும் ஒரு புழு தோல் வழியாகவே உள்ளே போய்விடும். சித்திரை, வைகாசியில் புழுதிக்காற்று சுவர் மாதிரி எழுந்து வரும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுங்கள். வருஷத்தில் பாதி நாள் மழையில் நனைந்த நமக்கு இந்த வெயில் முதல் மாதம் அழுகையை வரவழைக்கும். உப்பும் தண்ணீரும் விடாமல் குடியுங்கள்.

சாயாவுக்குக் குறையில்லை. வேப்பமரத்தடியில் பெண்கள் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கரி அடுப்பில் போட்டுத் தருவார்கள். பால் இல்லாமல், இஞ்சியும் ஏலமும் போட்டு, கண்ணாடித் தம்ளரில் பாதிக்குச் சர்க்கரை. எங்கள் கிடங்குக்கு வருவது பெரும்பாலும் கென்யா தூள். ஒரே ஒரு தடவை குன்னூர் ஏலத்து மூட்டை பத்து வந்தது. சாக்கை அவிழ்த்து மோந்ததும் நம் பக்கத்துத் தூள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடிமாட்டு விலைக்குப் போன தூள் என்று இங்குள்ள மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

இந்த ஊருக்கு இத்தனை ஆலோசனை எழுதுகிறேன். தேவாலாவில் இருக்கிறவர்களுக்கு எவனும் ஆலோசனை எழுதியதில்லை. இலை விலை விழுந்ததும் தோட்டத்தில் சரோஜாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மீதி நாட்களில் கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரை வயல்களுக்கு நாற்று நடவும் களை எடுக்கவும் போனாள். கொழுந்து பறித்துப் பழகிய பெண், சேற்றில் வெறுங்காலோடு நின்றாள். காலில் அட்டைப்பூச்சி கடித்த புண் இருந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வரும் காய்ச்சல் அந்தப் புண் வழியாக ஏறிவிட்டது. எலிக்காய்ச்சல் என்கிறார்கள். முதல் நான்கு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறாள். எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு, வலைக்குள் படுத்து, வாரம் தவறாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டு நான் இங்கே கல்லு மாதிரி இருந்தேன்.

6

கம்பெனி போனுக்கு மணி மச்சான் பேசியது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். “மச்சான், சரோஜாவ கோழிக்கோடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சு. நீங்க கெளம்பி வாங்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கே வெள்ளிக்கிழமை அரசு அலுவலகம் திறக்காது. வெளியே போகும் விசா இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. எங்கள் கம்பெனி எழுத்தர் உஸ்மான் தன் டிரக்கில் என்னை ஏற்றிக்கொண்டு, கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரின் வீட்டுக்கே போனார். தொழுகை முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கையெழுத்து வாங்கினார். முத்திரைக்கு மட்டும் சனிக்கிழமை காலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல மனுஷர் உஸ்மான். பதினோரு பேரும் இங்கே வந்தால் அவரைத்தான் முதலில் பார்ப்பீர்கள். உங்களுக்கு அவர் டீ வாங்கித் தருவார், மறுக்காதீர்கள்.

ஞாயிறு விமானம். திங்கள் காலை பம்பாய். கோழிக்கோட்டுக்கு மத்தியானம் விமானம் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தேன். சாயங்காலம் அவளைப் பார்த்துவிடுவேன் என்று கணக்கு.

7

சுகாதார மேஜையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சூடான் என்றேன். கையை நீட்டினார். நகலைக் கொடுத்தேன்.

திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரிஜினல் எங்கே என்றார். வீட்டில் என்றேன். பயணத்துக்கான அட்டையை வீட்டில் வைத்துவிட்டு யார் பயணம் போவார்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். நாங்கள் போவோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தகரப்பெட்டியையும் மண்டபம் முகாமையும் என்னிடமிருந்த அரைகுறை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மனைவி சாகக் கிடக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். ஒரு முறை சொன்னேன், பிறகு அழுதுகொண்டே சொன்னேன். கைகூப்பினேன். அவர் முகம் மாறியது. எழுந்து போய்ப் பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தார். அவரும் நகலைப் பார்த்தார். விதி விதிதான் என்றார். அந்த நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வருகிறவனை ஆறு நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயே ஊசி போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். போட்டாலும் பத்து நாள் கழித்துத்தான் செல்லும் என்றார். அது எனக்கே தெரியும்.

அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் ஒரு நாட்டைக் காவல் காத்தார்கள். என் தலையெழுத்து அவர்கள் மேஜையில் இல்லை, தேவாலாவில் ஒரு பெட்டிக்குள் இருந்தது.

வேனில் ஏற்றி ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலெல்லாம் கொசுவலைக் கம்பி. படுக்கை சுத்தம், சோறு நேரத்துக்கு வந்தது. தினம் இரண்டு தடவை தெர்மாமீட்டர் வைத்து எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு வேளைகூட இல்லை.

8

மேற்பார்வையாளர் தன் மேஜை போனைத் தந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த போன் பூத்தின் நம்பரை மச்சான் சொல்லியிருந்தார். பூத்துக்காரர் மலையாளி. “ஒரு பத்து மினிட் கழிஞ்ஞு விளிக்கு, ஞான் ஆளை விட்டு மணியைக் கூட்டிக்கொண்டு வராம்” என்றார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டபோது மச்சான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

இனி நான் எழுதப்போவது மச்சானுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஐந்து வருஷமாக நாங்கள் இருவரும் இதைப் பேசிக்கொண்டதும் இல்லை.

“ஒரிஜினல் இருந்தா விட்டுருவாங்க மச்சான். நீங்க எடுத்துட்டு ரயில் ஏறுங்க” என்றேன்.

“மச்சான், கிட்னி பழுதாயிருச்சுங்கறாங்க. ஒருத்தரு கூடவே இருக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் வந்துட்டா இவகூட யாரு இருக்கறது?”

“கூட வந்த பக்கத்து வீட்டு ராமாயி அக்கா இருக்காங்கல்ல? ரேவதி இருக்கா.”

“அது பச்சப்புள்ள மச்சான், ஒம்பது வயசு.”

“நான் அவ புருஷன், மச்சான்! நான் வரணுமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க!” என்று கத்தினேன். மேற்பார்வையாளர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“சரி மச்சான். எடுத்தாரேன்” என்றார்.

அன்றைக்கே நாடுகாணி மலை ஏறித் தேவாலா போயிருக்கிறார். சாவி சரோஜாவின் தாலிக்கயிற்றில் இருந்தது. கேட்டால் எதற்கு என்பாள், காரணம் தெரிந்தால் தன்னால்தான் என்று உருகிப்போவாள் என்று அவளிடம் கேட்கவே இல்லை. பெட்டியின் பூட்டை உடைத்துத்தான் அட்டையை எடுத்தார். செவ்வாய் மத்தியானம் கோழிக்கோட்டுக்கு இறங்கிவந்து ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்திருக்கிறார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லாமல் ரேவதியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை பூத்துக்கு போன் போட்டேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்று பூத்துக்காரர் என்னைச் சொல்ல விடவில்லை. “சேட்டா...” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். மீதியை ராமாயி அக்கா வந்து அழுதுகொண்டே சொன்னார். விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாளாம். உடம்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டார். மழை கொட்டுகிறது, நீங்கள் வரும்வரை தாங்காது என்றார். எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிடுங்கள் என்று சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன்.

மச்சானுக்குச் சொல்ல வழியில்லை. அவர் எங்கோ ரயிலில் இருந்தார். அன்று முழுக்க நான் கொசுவலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போது வருவாரோ என்று இல்லை. வந்துவிடக் கூடாதே என்று.

மாலை ஐந்து மணிக்கு வந்தார். வேட்டி கசங்கி, இரண்டு நாள் தாடியோடு. கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் சிரித்தார். சட்டைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் உறை, அதற்குள் உறை என்று மூன்று போட்டுச் சுற்றியிருந்த அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“ஒரு சொட்டு படல மச்சான். வாங்க, போவோம்.”

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்தில் அப்படியே தங்கியிருந்தது. “எப்ப?” என்றார். காலையில், விடிந்ததும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப நான் கோவாக்கிட்ட ஏதோ ஒரு ஸ்டேஷன்ல எறங்கி டீ குடிச்சிட்டு இருந்தேன் மச்சான். நல்லா இல்லைன்னு பாதிய ஊத்திட்டேன்.”

கேட்டிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, காலையில் போகலாம் என்றார்.

மச்சான், இதை எழுத எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது. கடைசி நாளில் அவள் பக்கத்தில் நானும் இல்லை, உங்களையும் இருக்கவிடவில்லை. நான் போகாமல் போனது விதியென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உங்களை இழுத்தது நான். ஒரு நாள்கூட நீங்கள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும். என்னை மன்னித்துவிடுங்கள்.

பதினோரு பேரும் இதைப் படிக்கட்டும். அதில் எனக்கு வெட்கமில்லை.

9

தேவாலா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. தோட்டத்துக்கு மேலே புது மண், அதன்மேல் மழைக்காக ஒரு தார்ப்பாய் போட்டிருந்தார்கள். கொள்ளி வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மண் தள்ளத்தான் ஆள் வேண்டும். முதல் பிடி மண்ணை ரேவதி போட்டாளாம்.

ரேவதிக்கு இப்போது பதினாலு வயது. மணி மச்சான் வீட்டில்தான் வளர்கிறாள், கூடலூரில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் போன் பேசுகிறேன். “சாப்டீங்களாப்பா? வெயிலாப்பா?” என்று கேட்பாள். மூன்றாவது கேள்வி கிடையாது. “மாமாகிட்ட குடுக்கறேன்” என்று கொடுத்துவிடுவாள். போன வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு இங்கே வருகிறாயா என்று கேட்டேன். “அந்த ஊருக்காப்பா? வேணாம்பா” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் என்னைக் கொல்கிறது. எட்டு வருஷத்தில் நான் அவளோடு இருந்த நாளை எல்லாம் சேர்த்தால் ஐந்து மாதம் வராது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆனால் அவள் என்னோடு ஒரே ஒரு முறை மனசுவிட்டுப் பேசியிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம். லயத்து வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று நான்தான் கேட்டேன்.

“மாமா எங்கன்னு கேட்டாங்க. துணி எடுக்க ஊட்டுக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். அப்பறம் கழுத்துல சாவியத் தடவிப் பாத்தாங்க. ‘பொட்டிய யாரும் தொறக்கலைல்ல? அப்பா லீவுக்கு வந்தா மஞ்சக் கார்டு கேப்பாரு, எடுத்துக் குடுக்கணும்’னாங்க.”

“நீ என்ன சாமி சொன்ன?”

“‘இல்லம்மா, பூட்டுனபடிதான் இருக்கு’ன்னு சொன்னேன். மாமா பூட்ட ஒடச்சது எனக்குத் தெரியும். பொய்தான் சொன்னேன். அம்மா சரின்னு கண்ண மூடிக்கிட்டாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “தப்பாப்பா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மனசுவிட்டு எதையும் கேட்கவில்லை.

மச்சான், பன்னிரண்டாவதாக ஒரு பிரதி எடுத்து அவளிடம் கொடுங்கள். ரேவதி, தப்பே இல்லை தங்கம். அன்றைக்கு அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. ஒன்பது வயதில் நீ ஒருத்திதான் இருந்தாய்.